இடது பின்கதவு தாமதமாவது குறித்து அக்காவுக்கு விளக்கம்

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத அக்காவுக்கு,

மூன்று தடவை நீ போன் செய்தும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்ட உன் ஒரே தம்பி, அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாக உட்கார்ந்து விவரமாக எழுதிக்கொள்வது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது, கைத்தடி இல்லாமல் நடந்து பார்க்கிறேன் என்று வீரம் காட்டாமல் இருக்கிறாயா, மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டதாக வைத்துக்கொள். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளில் விசாரிக்காமல் இருப்பது நல்லது.

"எப்படா வர்றே?" என்று நீ கேட்கும்போதெல்லாம் "வண்டி சர்வீஸ்ல இருக்குக்கா" என்று நான் ஒரே வரியில் முடித்துவிடுகிறேன். ஏழு வாரமாக ஒரு வண்டி சர்வீஸில் இருக்குமா, இவன் என்னவோ மழுப்புகிறான் என்று உனக்குத் தோன்றியிருக்கும். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த மாதம் முப்பதாம் தேதி நீ வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தாக வேண்டும். ஒரு பால் பாத்திரம், ஒரு டம்ளர், ஒரு தட்டு தவிர எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டிவிட்டு, பெட்டிகளுக்கு நடுவே நீ உட்கார்ந்திருக்கிறாய் என்று எதிர்வீட்டு டீச்சரம்மா எனக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். பஸ்ஸில் உன்னால் உட்கார முடியாது. ரயில் படி ஏற முடியாது. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டே வரலாமே என்று டாக்டர் சொன்னதற்கு, "உசுரோட இருக்கறப்ப நான் அதுல ஏற மாட்டேன்" என்றாய். சரி, நம் வண்டி இருக்கவே இருக்கிறது, பின்சீட்டில் தலையணை அடுக்கி, அரைமணிக்கொரு தரம் நிறுத்தி, நானே வந்து நானே ஓட்டிக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று உன் தெருவே கேட்கும்படி நான்தான் சொன்னேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாமே என்று இவள் இரண்டு தடவை சொன்னாள். முகம் தெரியாத ஒருவர் எட்டு மணி நேரம் பிரேக் போடுகிற போட்டில் உன் இடுப்பு என்ன கதிக்கு ஆளாகும் என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டேன். உன் அறை தயாராக இருக்கிறது. நீ குனிந்து உட்காரக் கூடாது என்பதால் தச்சரைக் கூப்பிட்டு, கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தியாகிவிட்டது. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாகிவிட்டது. இவள் தினமும் அந்த அறையைக் கூட்டிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். ஆகக்கூடி, எல்லாம் இருக்கிறது, வண்டி மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்பதுதான் இனி வருவது. கொஞ்சம் நீளம். சாய்ந்து உட்கார்ந்துகொண்டு படி.

உன்னைக் கூட்டி வருவதற்கு முன்னால் வண்டியை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன் பார், சனியன் அங்கேதான் ஏறி உட்கார்ந்தது. நம் தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக நம் வண்டியைப் பார்க்கிறவர். இருமல் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வண்டியின் இருமலைச் சொல்கிறேன். அவரிடம் கொடுத்திருந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் அக்காவை ஏற்றி வரப்போகிறோம், இது லேசுப்பட்ட காரியமா, வண்டி வாங்கிய கம்பெனியிலேயே கொடுப்போம் என்று எனக்குப் புத்தி போயிற்று. அந்த இடத்தை நீ பார்க்க வேண்டும். முன்பக்கம் கண்ணாடி மாளிகை, அதில் புது வண்டிகள். பின்பக்கம் தகரக் கொட்டகை, அதில் சர்வீஸ். முன்னால் சிரிப்பவர்கள் யாரும் பின்னால் வருவதில்லை, பின்னால் இருப்பவர்கள் யாரும் சிரிப்பதில்லை. வாசலில் கழுத்தில் டை கட்டின ஒருவர் வந்து, "குட்மார்னிங் சார், நான்தான் உங்க சர்வீஸ் அட்வைசர்" என்றார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். டை மட்டும் புதுசு, முகம் மிகப் பழசு. இனி அவரை டைக்காரர் என்றே எழுதுகிறேன்.

டைக்காரர் கையில் ஜாப் கார்டு என்று ஒரு தாள் வைத்திருந்தார். அதில் வண்டியின் படம் நாலு பக்கத்திலிருந்தும் போட்டிருக்கும். வண்டியை உள்ளே எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் அந்தப் படத்தில் குறித்து, நம்மிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். பிற்பாடு சண்டை வரக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவர் வண்டியைச் சுற்றிக்கூட வராமல், முன் பம்பரில் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று இரண்டு டிக் போட்டுவிட்டு நீட்டினார். முப்பத்தோரு வருடம் விடைத்தாள் திருத்தினவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? "என்ன தம்பி, திருத்தறதுன்னா இப்படியா திருத்துவாங்க? குடுங்க இங்கே" என்று வாங்கி, சட்டைப்பையிலிருந்து என் சிவப்புப் பேனாவை எடுத்து, வண்டியை நாலு தடவை சுற்றி வந்து, குனிந்து, நிமிர்ந்து, எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு நம்பரும் போட்டேன். மொத்தம் இருபத்து மூன்று. இடது பக்கம் மட்டும் பதினாறு. எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, "இப்படித்தான் வேலை செய்யணும்" என்று ஒரு புத்திமதியும் சொல்லிக் கொடுத்தேன். டைக்காரர் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்து உறையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு பத்திரமாக வைத்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வரை காத்திருப்போர் அறையில் இருந்தேன். சத்தமில்லாத டிவி ஒன்று, உப்புச்சப்பில்லாத காபியைத் துப்புகிற மெஷின் ஒன்று, வேலை நடப்பதை நாம் பார்ப்பதற்கென்று ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், அந்த ஜன்னல் முழுக்க "உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று ஒட்டின போஸ்டர். ஐந்தரை மணிக்கு டைக்காரர் வந்து, "வண்டி ரெடி சார், பில்லும் போட்டாச்சு" என்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து குரலை இறக்கினார். "சார், ஒரே ஒரு உதவி. இந்த டேப்லெட்ல எங்க சர்வீஸுக்கு மார்க் போடணும். பத்துக்குப் பத்து போட்டுடுங்க சார்." நான் சிரித்துவிட்டேன். "பத்துக்குப் பத்தா? ஏழரை போடறேன். வெயிட்டிங் ரூம் காபிக்கு மைனஸ், போஸ்டருக்கு மைனஸ்" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "ஏழரையும் ஒண்ணுதான், ஜீரோவும் ஒண்ணுதான் சார். பத்து வந்தாத்தான் கணக்கு. ஒன்பது வந்தாக்கூட மேலே கூப்பிட்டு நிக்க வெச்சுக் கேப்பாங்க. இந்த மாசம் ஏற்கெனவே ஒரு எட்டு வாங்கிட்டேன் சார்" என்றார்.

ஒன்பதும் பூஜ்யமும் சமம் என்று சொல்கிற ஒரு கணக்கை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு அரைமார்க் என்றுதான் பட்டப்பெயர் என்பது உனக்குத் தெரியாததல்ல. விடை முழுக்கச் சரியாக இருந்தாலும், அடிக்கோடு கோணலாக இருக்கிறது என்றாவது அரை மார்க் பிடிக்காமல் விட்டவனில்லை நான். முப்பத்தோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நூற்றுக்கு நூறு போட்டதில்லை. நம் அப்பா சாகும்போது, "நல்லா கவனிச்சுக்கிட்டேடா" என்றாரே, அப்போதுகூட இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படிப்பட்டவனுக்கு அன்றைக்கு மனசு இளகிவிட்டது, அக்கா. அவர் டையைப் பார்த்தேன், அது லேசாகக் கோணியிருந்தது, பார்க்கப் பாவமாக இருந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, பத்து என்ற எண்ணை அழுத்தினேன். "மிகச் சிறப்பு" என்று திரையில் பூச்செண்டு வந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் முழு மதிப்பெண். கடைசியும் அதுதான்.

எழுந்து வெளியே போனேன். வரிசையாக வண்டிகள். அதில் ஒரு வெள்ளை வண்டி, இடது பின்கதவு உள்ளே போய்க் குழி விழுந்து, பக்கக் கண்ணாடி ஒரு ஒயரில் தொங்கிக்கொண்டு, கதவிலிருந்து பின்விளக்கு வரை சிமென்ட் நிறத்தில் ஒரு கோடு இழுத்து நின்றது. யார் வண்டியோ பாவம், வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வாரோ என்று மனதார இரக்கப்பட்டுக்கொண்டே அதைத் தாண்டிப் போய், வரிசையின் கடைசி வரை தேடிவிட்டு, திரும்பி வந்து நம்பரைப் பார்த்தேன். நம் நம்பர். கீழே உட்கார்ந்துவிட்டேன். வாட்டர் வாஷ் செய்கிற அம்மா ஒருத்தி குழாயோடு நின்றுகொண்டிருந்தாள். அவளாக வந்து, "இந்த வண்டியா சார்? டிரையல் போனவரு கேட்டுத் தூண்ல உட்டுட்டாரு. டமார்னு சத்தம். நாங்க எல்லாரும் ஓடி வந்து பார்த்தோமே" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து மேனேஜர் எட்டிப் பார்க்கவே, "எனக்கென்ன சார் தெரியும்" என்று குழாயைத் திருகி, ஏற்கெனவே கழுவின வண்டியை மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

நான் போட்ட கூச்சலில் டைக்காரர் ஓடி வந்தார். வந்தவர் வண்டியைப் பார்க்கவில்லை, கையிலிருந்த உறையைப் பிரித்தார். "சார், இது முன்னாடியே இருந்ததுதானே? பாருங்க, இடது பின்கதவு, பதினாலாம் நம்பர். நீங்களே வட்டம் போட்டிருக்கீங்க." "அது நகக்கீறல்யா! இது பள்ளம்!" என்றேன். "வட்டத்துக்குள்ளேதான் சார் இருக்கு" என்றார். உண்மைதான். நான் எப்போதுமே வட்டத்தைப் பெரிசாகப் போடுகிறவன். பக்கக் கண்ணாடிக்குப் பன்னிரண்டு, பின்விளக்குக்குப் பதினாறு. அவர்கள் எங்கே இடித்திருந்தாலும் அங்கே என் சிவப்பு வட்டம் தயாராக இருந்தது. மேனேஜர் வந்தார். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். "சார், அஞ்சு நாப்பத்திரண்டுக்கு நீங்களே 'மிகச் சிறப்பு'ன்னு குடுத்திருக்கீங்க. அஞ்சு அம்பதுக்கு வந்து கத்தினா நாங்க என்ன சார் செய்யறது?" என்றார். வாழ்நாள் முழுக்க எத்தனை பிள்ளைகள் என்னிடம் வந்து, மறுபடியும் கூட்டிப் பாருங்கள் சார் என்று கெஞ்சியிருப்பார்கள். போட்டது போட்டதுதான், போ என்று விரட்டியிருக்கிறேன். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை, ஆனால் அவர் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் பட்ட பாட்டை எழுதினால் தபால் எடை கூடிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன். மேனேஜர் எப்போது போனாலும் மீட்டிங்கில் இருந்தார். கேமராப் பதிவைக் கேட்டால், கேட்டில் இருக்கிற கேமரா காத்திருப்போர் செருப்பைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்றார்கள். போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிடம் சொல்லிவிட்டு, முக்கியம் தீர்ந்துபோய் வைத்துவிடும். ஒரு நாள் நானே அளக்கிற டேப்போடு போய், கேட்டுத் தூணில் பெயர்ந்திருந்த சிமென்ட் பூச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தேன். எழுபத்தோரு சென்டிமீட்டர். வண்டிக் கதவின் பள்ளமும் எழுபத்தொன்று. இதைப் படம் வரைந்து, தேற்றம் மாதிரி படிப்படியாக எழுதி, "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று முடித்து நாலு பக்கம் கொடுத்தேன். அளந்துகொண்டிருந்தபோது வாட்ச்மேன் என்னைத் தூண் திருட வந்தவன் போலப் பார்த்தது தனிக்கதை. மேனேஜர் நாலு பக்கத்தையும் புரட்டி, "டைப் பண்ணி மெயில்ல போட்டுடுங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

கடைசியில் ஜெயித்தது நான் இல்லை, இவள். ஒரு சனிக்கிழமை காலை, "நீங்க வாயைத் திறக்காம வாங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் தகரக் கொட்டகைக்குப் போகவில்லை. நேராக முன்னால் கண்ணாடி மாளிகைக்குப் போய், அங்கே இருப்பதிலேயே விலை உயர்ந்த வண்டியின் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு, பையிலிருந்து பின்னல் வேலையை எடுத்தாள். வண்டி பார்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் சிரித்த முகமாக, "வாங்க வாங்க, நல்ல வண்டி. தாராளமா வாங்குங்க. சர்வீஸுக்கு மட்டும் இங்கே கொண்டு வந்துடாதீங்க" என்றாள். மூன்று குடும்பம் போயிற்று. நாலாவது குடும்பம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பியபோது மேனேஜருக்கு மீட்டிங் முடிந்துவிட்டது. "அம்மா, கீழே இறங்குங்கம்மா, பேசிக்கலாம்." "இங்கேயே பேசுங்க, ஏசி நல்லா இருக்கு." மொத்தம் இருபது நிமிடம். தூண், டிரையல், டமார் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, புதுக் கதவும் கண்ணாடியும் அவர்கள் செலவில் மாட்டித் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். என் நாலு பக்கத் தேற்றம் செய்யாததை ஒரு பின்னல் ஊசி செய்துவிட்டது. அன்றையிலிருந்து வீட்டில் என் பேச்சு எடுபடுவதில்லை.

ஜெயித்தோம் என்றுதானே நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் ஒரு கதவு வந்தது, அது வலது பக்கத்துக் கதவு. திருப்பி அனுப்பி இரண்டாவது வந்தது, இடதுதான், ஆனால் முன்கதவு. மூன்றாவது சரியான கதவு, ஆனால் ரத்தச் சிவப்பு. "பெயின்ட் அடிச்சுடலாம் சார்" என்றார் டைக்காரர். அடித்தார்கள். போய்ப் பார்த்தேன். நிறம் சேரவில்லை. வண்டி ஒரு வெள்ளை, கதவு வேறொரு வெள்ளை. மறுபடி அடிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவையும் சேரவில்லை. மூன்றாம் தடவை டைக்காரர் கலர் அட்டையைக் கொண்டுவந்து கதவின் மேல் வைத்து, வண்டியை வெயிலுக்குத் தள்ளிக் காட்டி, நிழலுக்குத் தள்ளிக் காட்டி, ட்யூப்லைட்டுக்குக் கீழே தள்ளிக் காட்டி, "சார், எங்கே பார்த்தாலும் ஒரே வெள்ளைதான் சார் தெரியுது" என்று அழாத குறையாகச் சொன்னார். "உங்க கண்ணை முதல்ல செக் பண்ணுங்க" என்றேன். இவளும் கூட வந்திருந்தாள். "எனக்கும் ஒண்ணாத்தாங்க தெரியுது" என்றாள். பின்னல் போடுகிறவளுக்குப் பெயின்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு அங்கே வருவதில்லை. இப்போது நிலைமை என்னவென்றால், அவர்கள் தினமும் போன் செய்து வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள், நான் நிறம் சேராமல் எடுக்க மாட்டேன் என்கிறேன். நாலாவது தடவை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அக்கா, நான் கேட்டுக்கொள்வது இதுதான். இந்த மாதம் என்னால் வர முடியும் என்று தோன்றவில்லை. உன் வீட்டுச் சொந்தக்காரரிடம் இன்னும் ஒரு மாதம், முடிந்தால் இரண்டு மாதம் தவணை கேட்டுப் பார். நல்ல மனிதர், மறுக்க மாட்டார். கட்டி வைத்த பெட்டிகளில் அடுக்களைப் பெட்டியை மட்டுமாவது பிரித்துக்கொள், ஒரே பாத்திரத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஒப்பேற்றுவாய்? கனமான பெட்டியை நீ தூக்காதே, டீச்சரம்மாவைக் கூப்பிடு. வாக்குக் கொடுத்துவிட்டு வராமல் இருப்பது எனக்குச் சாப்பாடு இறங்கவிடாமல் செய்கிறது. உன்னை வயசான காலத்தில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது. எல்லாம் அந்த சர்வீஸ்காரர்கள் செய்த வேலை. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

டீச்சரம்மாவுக்கும், உன் மருந்துக்கடைக்காரருக்கும், மாடியில் குடியிருக்கும் புதுத் தம்பதிக்கும் என் விசாரிப்புகளைச் சொல்லவும். இவள் உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். எந்தக் கோபமிருந்தாலும் அதைத் தள்ளி வைத்துவிட்டு என்னை ஆசீர்வதிக்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அக்கா, மேலே இருப்பதை எழுதி உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். நிறம் சேர்ந்துதான் இருக்கிறது. முதல் தடவை அடித்தபோதே சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் நான் சாவியை வாங்கி, வண்டியை ஓட்டிக்கொண்டு அவர்கள் கேட்டைத் தாண்டி வெளியே வந்தேன். நூறு அடிகூடப் போகவில்லை. புதுக் கதவில் படார் என்று ஒரு அடி விழுந்தது. நிறுத்தினேன். இஸ்திரி போட்ட துணிமூட்டையைச் சுமந்துகொண்டு நடந்து வந்த ஒரு அம்மா நின்றிருந்தாள். என் வண்டியை அவள் மேல் ஏற்ற இருந்திருக்கிறேன், அவள் கையால் கதவை அறைந்து தப்பித்திருக்கிறாள். "பெரியவரே, இத்தாம் பெரிய ஆளு நடந்து வர்றேன், தெரியலையா?" என்றாள். தெரியவில்லை, அக்கா. லேட்டாகப் பார்த்தேன் என்றால் அது வேறு. நான் அவளைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு அடி ஒன்றும் இல்லை. கீழே விழுந்த துணிகளை நான் பொறுக்கிக் கொடுத்தேன், அவளே எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். வண்டியைப் பின்னாலேயே எடுத்து உள்ளே விட்டுவிட்டு, டைக்காரரிடம் நிறம் சேரவில்லை என்றேன். அப்போது வாயில் வந்தது அதுதான்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரம்மாவிடம் போனேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் ஒன்றும் வரவில்லை. முடிந்ததும் நான், "உங்க மெஷின்ல இடது பக்கம் விளக்கே எரியலை, சர்வீஸுக்குக் குடுங்க" என்று புகார் சொன்னேன். மெஷினை இயக்கின பெண் தாளை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "எல்லா விளக்கும் எரிஞ்சுது சார்" என்றாள். ரொம்ப நாளாகப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறதாம், போனது திரும்பி வராதாம், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டுமருந்து கொடுத்திருக்கிறார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் டைக்காரரை இன்னும் இரண்டு தடவை பெயின்ட் அடிக்க வைத்தேன். போன வாரம் நீ போனில், "நீ ஓட்டினாத்தான்டா எனக்குப் பயமில்லாம தூக்கம் வரும்" என்றாயே, அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது என்று தெரியவில்லை. இவளிடம் இன்றைக்குச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பயந்தேன். திட்டவில்லை. மாலை முழுக்க எனக்கு இடது பக்கமாகவே நடந்து வந்தாள்.

அதனால் வீட்டுச் சொந்தக்காரரிடம் தவணை கேட்காதே, பெட்டியைப் பிரிக்காதே. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் ஒருவரைப் பேசியிருக்கிறேன், தூங்குகிற குழந்தைகளை எழுப்பாமல் பிரேக் போடுகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு விடுமுறை. வருகிற ஞாயிறு மத்தியானத்துக்குள் நம் வண்டியில் அவரும் நானும் அங்கே இருப்போம். திரும்பும்போது நான் உன்னோடு பின்சீட்டில்தான் உட்காருவேன். நீ என் இடது கைப் பக்கம் உட்கார்ந்துகொள். அந்தப் பக்கம் என்னென்ன வருகிறது என்று வீடு வரும்வரை எனக்குச் சொல்லிக்கொண்டே வா.